பொரி சிதறிய புல்வெளி

சென்ற மார்கழி விடுமுறையில், ஹந்தானை மலையடியில் எம் மாணவர் அமைத்த பாசறைக்கு யானும் சென்றிருந்தேன். இரவு தீ வளர்த்து, மூடிய சட்டியிற் சோள மணிகளை இட்டுக் காத்திருந்தோம். ஒன்றும் வெடிக்கவில்லை, எல்லாம் கரிந்தன. கண்டிச் சந்தையில் அவற்றை வாங்கியவன் யானே! அவித்துண்ணும் சோளம் நன்கு பொரியாது. வன்மையான தோலுடைய பொரிச்சோளமே வேண்டும்; அதனுள்ளும் நூற்றுக்கு 14 பங்களவு ஈரம் இருத்தல் வேண்டும். ஏறக்குறைய 180 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அவ்வீரம் ஆவியாகித் தோலைப் பிளக்க, மணி மலரும்.

“ஐயா, எங்கள் லயத்தில் கார்த்திகைக்கு நெல்தான் பொரிப்போம்” என்றான் தோட்டத்து மாணவன் ஒருவன். மறுநாள் மாலை ஒரு கைப்பிடி நெல்லும் மகாவலி மணலும் கொணர்ந்தான். கொதித்த மணலில் நெல் படபடவென வெடித்துப் புல்மேற் சிதறியது.

அமெரிக்கக் கண்டத்துச் சோளத்தைச் சங்கப் புலவர் அறியார், நெற்பொரியை நன்கறிவர். உதிர்ந்த புன்கம்பூவுக்கு, வேலன் வெறியாடும் களத்திற் சிதறிய பொரியை உவமை கூறும் குறுந்தொகைப் பாட்டொன்றை இருபத்தைந்து ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றேன். பொரி சிதறிய நிலத்தை அன்றுதான் கண்டேன், நாணினேன். பாட்டைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மாணவர் பொரியைப் பொறுக்கி உண்டுவிட்டனர்.