நிமிடத்துக்கு 8,400 சுற்று: ஹொண்டா இன்டெக்ரா டைப் ஆர் எஞ்சினின் கதை

1.8 லீற்றர் என்பது பெரிய எஞ்சின் அல்ல. 1995ஆம் ஆண்டு ஜப்பானில் ஹொண்டா வெளியிட்ட இன்டெக்ரா டைப் ஆர் என்ற கூபே காரில் இருந்ததும் அந்த அளவுதான். நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது. ஆனால் அதிலிருந்து 200 குதிரைவலு வந்தது. உற்பத்தி 2001இல் நின்றுபோனாலும் முன்சில்லு இழுவைக் கார்களில் இதற்கு மேல் ஒன்று வரவில்லை என்று அடித்துச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அதன் வேகத்தைவிட, அந்த வலு எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவாரஸ்யமானது.

எஞ்சினின் வலு இரண்டு விடயங்களின் பெருக்கம். ஒன்று முறுக்குவிசை. மற்றது, நிமிடத்துக்கு எத்தனை தடவை சுற்றுகிறது என்பது. முறுக்குவிசையைக் கூட்ட எஞ்சினைப் பெரிதாக்கலாம், அல்லது டர்போ பூட்டிக் காற்றைத் திணிக்கலாம். ஹொண்டா இரண்டையும் செய்யாமல் எஞ்சினை வேகமாகச் சுற்றவிட்டது. மீற்றரில் சிவப்புக் கோடு 8,400இல்தான் தொடங்குகிறது.

அந்த எண்ணைக் கொஞ்சம் உடைத்துப் பார்ப்போம். செக்கனுக்கு 140 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் 87.2 மில்லிமீற்றர் மேலே போய் நின்று, அதே தூரம் கீழே வர வேண்டும். செக்கனுக்கு 280 தடவை நின்று திரும்புகிறது. மேல்முனையில் திரும்பும் கணத்தில் பிஸ்டனின் ஒவ்வொரு கிராமும் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட பாரமாக இழுக்கும். அதனால்தான் பிஸ்டனைத் தாங்கும் கொனெக்டிங் ரொட்டின் எடையைக் குறைத்தார்கள். பிஸ்டனுக்கு உராய்வு குறைக்கும் பூச்சு கொடுத்தார்கள். வால்வுகளுக்கு இரட்டை ஸ்பிரிங் போட்டார்கள். காற்று உள்ளே போகும் பாதைகளைத் தொழிலாளர்கள் கையால் தேய்த்து மெருகேற்றினார்கள். தொழிற்சாலையில் வரிசையாக உருவாகும் ஒரு காருக்கு இது சாதாரண வேலை அல்ல.

இவ்வளவு செய்தாலும் மூச்சு விடும் பிரச்சினை ஒன்று இருக்கிறது. மெதுவாகச் சுற்றும்போது வால்வு கொஞ்ச நேரம், கொஞ்சமாகத் திறந்தால் போதும். வேகமாகச் சுற்றும்போது அந்தச் சொற்ப இடைவெளிக்குள் தேவையான காற்று வந்து சேராது; வால்வு அகலமாக, நீண்ட நேரம் திறக்க வேண்டும். வழமையான எஞ்சின் இரண்டுக்கும் நடுவில் சமரசம் செய்துகொள்ளும். 1989இல் முந்தைய இன்டெக்ராவில் ஹொண்டா அறிமுகப்படுத்திய விடெக் முறை அந்தச் சமரசத்தைத் தேவையற்றதாக்கியது. வால்வைத் திறக்கும் தண்டில் மூன்று மேடுகள். ஓரத்து இரண்டும் சாதாரண ஓட்டத்துக்கு. நடுவில் உள்ள உயரமான மேடு அதுவரை சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். டைப் ஆரில் 5,700 சுற்றை அண்மிக்கும்போது ஒயில் அழுத்தம் ஒரு சிறு ஊசியைத் தள்ளி மூன்று நெம்புகோல்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அப்போது நடு மேடு வேலையைப் பொறுப்பெடுக்கிறது. எஞ்சினின் குரலே மாறிவிடும். உறுமல், கத்தலாகும். இந்தக் காரின் ரசிகர்கள் காத்திருப்பது அந்த ஒரு நொடிக்காகத்தான்.

எஞ்சின் உறிஞ்சிய கலவையை 11.1 மடங்கு அழுத்தித்தான் எரிக்கிறது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடியதைக் கண்டவர்களுக்கு இதன் அர்த்தம் சட்டென்று விளங்கும். துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் அவை புகை கக்கியபடி போகும். அவற்றின் அழுத்த விகிதம் ஏழு, எட்டு மடங்குதான் என்பதால் மட்டமான எரிபொருளையும் பொறுத்துக்கொண்டன. டைப் ஆருக்கு அதை ஊற்றினால் கலவை நேரத்துக்கு முன்பே வெடித்து, பிஸ்டனைத் தட்டி நாசமாக்கிவிடும். உயர்ந்த ஒக்ரேன் பெற்றோல் இல்லாமல் இந்த எஞ்சின் இல்லை.

மற்ற இடங்களிலும் கஞ்சத்தனம்தான். முன்கண்ணாடியை மெல்லியதாக்கினார்கள், சத்தம் தடுக்கும் பொருட்களைக் கழற்றினார்கள். எடை சுமார் 1,100 கிலோவுக்குள் அடங்கியது. சிவப்பு ரெகாரோ இருக்கைகள் உள்ளே. வெள்ளை நிறம் 1960களில் ஹொண்டாவின் ஃபோர்முலா 1 கார்கள் அணிந்தது. முன்சில்லுகளில் ஒன்று வழுக்கினால் மற்றதற்கு வலுவைக் கடத்தும் டிஃபரென்ஷியல் இருந்ததால் வளைவிலும் துணிந்து அக்சிலரேற்றரை மிதிக்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. 4,000 சுற்றுக்குக் கீழே இந்தக் கார் சோம்பேறி. இன்றைய 1.5 லீற்றர் டர்போ எஞ்சின் 2,000 சுற்றிலேயே இதைவிட அதிக முறுக்குவிசை தரும். நெடுந்தூரப் பயணத்தில் இரைச்சல் தலையிடி தரும். ஹொண்டாவே 2015இல் சிவிக் டைப் ஆருக்கு டர்போ பூட்டிவிட்டது. புகை விதிகளும் எரிபொருள் சிக்கனமும் கேட்கும் காலத்தில் அது தவிர்க்க முடியாதது.

எஞ்சியிருக்கும் டைப் ஆர் ஒன்றை வாங்குவோர் முதலில் பின்சில்லு வளைவுகளில் துரு பார்க்கிறார்கள். அடுத்து, இரண்டாவது கியர் உரசாமல் விழுகிறதா என்று. பிறகு ஒயில். எஞ்சின் சூடாகும் முன் முறுக்கியவரின் காரை அவர்கள் தொடமாட்டார்கள். ஒயில் குறைந்தாலோ அழுத்தம் விழுந்தாலோ அந்தச் சிறு ஊசி நகராது. 5,700ஐத் தாண்டினாலும் குரல் மாறாது.