பழைய காரின் புகை

தகப்பனார் காலத்தில் வாங்கிய காரை விற்க மனமில்லாமல் வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இன்னும் நம்மிடையே உண்டு. அம்பாஸடர், பிரீமியர் பத்மினி, தொடக்க காலத்து மாருதி 800 முதலிய இவ்வண்டிகளில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தருவது கார்புரேட்டர் என்னும் எளிய கருவி. கம்ப்யூட்டர் கிடையாது, ஆகவே கோளாறு நேர்ந்தால் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாது. புகையையும் சத்தத்தையும் கொண்டு நாமேதான் நாடி பார்க்கவேண்டும்.

புகைப் பரிசோதனைச் சீட்டை நம்மில் பலர் தேறியதா, தவறியதா என்று மட்டும் பார்த்து மடித்து வைத்துவிடுகிறோம். மார்க்குப் பட்டியலைப் பெற்றோர் சிலர் பார்க்கும் விதமும் இதுதான்! அச்சீட்டில் இரண்டு எண்கள் முக்கியமானவை. ஒன்று கார்பன் மானாக்ஸைடு. மற்றது ஹைட்ரோகார்பன், அதாவது எரியாமலே வெளிவரும் பெட்ரோல். பாரத் ஸ்டேஜ் இரண்டு விதிகளுக்கு முற்பட்ட பெட்ரோல் கார்களுக்கு முதலாவது 3 சதவிகிதத்தையும், இரண்டாவது பத்து லட்சத்தில் 1500 பங்கையும் தாண்டலாகாது.

ஒரு பங்கு பெட்ரோல் சரிவர எரிய, எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். கார்பன் மானாக்ஸைடு மிகுந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்றுக் குறைவு என்று கொள்ளலாம். ஏர் பில்டரைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் இறங்கினால் குற்றவாளி அதுவே. இறங்காவிட்டால், சோக் கம்பி பாதியில் சிக்கியிருக்கிறதா, கார்புரேட்டரின் மிதவை பெட்ரோலை அளவுக்கு மேல் ஏற்றுகிறதா என்று பார்க்கவேண்டும்.

கார்பன் மானாக்ஸைடு குறைந்திருக்க, ஹைட்ரோகார்பன் மட்டும் உயர்ந்தால் விஷயம் வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. பிளக், அதன் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் ஆகியவற்றை முதலில் சோதிப்பது முறை. அவை நன்றாயிருந்தால் எங்கோ வெளிக்காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. நாம் அறிந்த ஒரு குடும்பத்தாரிடம், கார்புரேட்டரையே மாற்றவேண்டும் என்று ஒரு பட்டறையில் பெருந்தொகை கேட்டார்கள். வண்டி நின்ற இடத்தில் ஏறியும் இறங்கியும் ஓடிக்கொண்டிருந்தது. வேறொரு முதிய மெக்கானிக் காதைக் கொடுத்துக் கேட்டார். ‘உஸ்’ஸென்ற ஒலி வந்த இடத்தில், வெடித்துப்போன ஒரு சிறு ரப்பர்க் குழாய். அதை மாற்றியதும் இஞ்சின் அடங்கி ஓடிற்று.

கண்ணுக்குத் தெரியும் புகைக்கும் பொருள் உண்டு. கரும்புகை பெட்ரோல் மிகுதி. நீலப்புகை எண்ணெய் எரிவது. வெகுநேரம் நின்ற வண்டியைக் கிளப்பும்போது மட்டும் வந்து மறைந்தால் வால்வு ஸீல் தேய்ந்திருக்கக்கூடும், ஓடும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்குகளைச் சந்தேகிக்கலாம். காலைக் குளிரில் சிறிது வெண்ணிற ஆவி சகஜமே. சூடேறிய பின்னும் அது நில்லாமல் ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே வந்தால், அன்றே வண்டியை நிறுத்திவிடுவது உத்தமம்.

பரிசோதனைக்கு முன் திருகாணியைத் திருகிப் பெட்ரோலைக் குறைத்துச் சீட்டு வாங்கிவிட்டு, வெளியே வந்ததும் பழையபடி திருகிவைக்கும் ‘சாமர்த்தியம்’ ஒன்று உண்டு. இதை நாம் கெட்டிக்காரத்தனம் என்று ஒப்புக்கொள்வதற்கில்லை. கார்பன் மானாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அது இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். சைலன்ஸரில் ஓட்டையும் டிக்கியின் ரப்பர் விளிம்பில் இடைவெளியும் இருந்தால், பின் ஸீட்டில் உறங்கும் குழந்தைகளே அதை முதலில் சுவாசிப்பார்கள். மூடிய ஷெட்டுக்குள் இஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றுவதோ உயிருக்கே ஆபத்து.

பரிசோதனைக்குப் போகுமுன் கால்மணி நேரமாவது வண்டியை ஓட்டி, சோக்கை முழுதும் உள்ளே தள்ளிவிடுங்கள். குளிர்ந்த இஞ்சின் தன் உண்மை நிலையைக் காட்டாது. திரும்பி வந்து, இஞ்சின் ஆறிய பின், பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி வரிசையாக வையுங்கள். முனை இளம் பழுப்பாயிருந்தால் அந்தச் சிலிண்டர் சௌக்கியம். ஒன்று மட்டும் கரியும் எண்ணெயுமாய் இருந்தால், மெக்கானிக்கிடம் எந்தச் சிலிண்டரைக் காட்டவேண்டும் என்பது தெரிந்துவிடும்.