பீடியை விட்டால் உடம்பு தேறும்!



"இருபது வருஷமா பிடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப் போகுது?" என்று சொல்கிறவர்கள் நம் ஊர்களில் பலர். இது தவறான எண்ணம். எத்தனை வருடம் பிடித்திருந்தாலும், பீடி, சிகரெட்டை நிறுத்திய உடனே உடம்பு தன்னைத் தானே சரிசெய்யத் தொடங்குகிறது.

பெரம்பலூரில் கடைசிப் பீடியை அணைத்துவிட்டு அரியலூர் பஸ்ஸில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அரியலூர் போய் இறங்குமுன்பே, 20 நிமிடத்தில், இதயத்தின் படபடப்பு தணிய ஆரம்பித்துவிடும்.

அதன் பிறகு:

* ஓரிரு நாளில், ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்திருந்த கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு நீங்கும்.
* 2 முதல் 12 வாரத்தில் ரத்த ஓட்டம் சீராகும்.
* 1 முதல் 9 மாதத்தில் இருமலும், மூட்டை தூக்கும்போது மூச்சு வாங்குவதும் குறையும்.
* 1 வருடத்தில், பீடியால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகும்.
* 10 வருடத்தில், நுரையீரல் புற்றுநோய் அபாயம், தொடர்ந்து பிடிப்பவருக்கு உள்ளதில் சுமார் பாதியாகும்.

பல வருடப் புகையில் கெட்டுப்போன நுரையீரல் முழுவதும் பழையபடி ஆகாது. ஆனால் மேலும் கெடுவது மட்டுப்படும். சுண்ணாம்புக்கல் குவாரித் தூசியில் வேலை செய்கிறவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

முதல் சில வாரம் சிரமம்தான். தூக்கம் வராது, எரிச்சல் வரும், சளி கூடலாம். "விட்டதாலதான் உடம்பு கெட்டுச்சு" என்று மறுபடி பற்ற வைத்துவிடாதீர்கள். புகையால் முடங்கிய மூச்சுக்குழாய் திரும்ப வேலை செய்து அழுக்கை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். இருமல் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பீடிக்குப் பதிலாகப் புகையிலை போடுவதும் கூடாது, அதுவும் விஷமே.

தாய்மார்களே! இந்த நாட்களில் அவர் சுள்ளென்று விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். "உங்களால எங்க முடியும்?" என்று குத்திக் காட்டாதீர்கள். ஆசை எழும்போது ஒரு சொம்பு தண்ணீரோ மோரோ கொடுங்கள். சில நிமிடத்தில் அது அடங்கிவிடும்.

கணவன்மார்களே! பீடிப் புகை விந்தணுக்களைக் குறைக்கும். புதிய விந்தணு உருவாகச் சுமார் 3 மாதம் ஆகும். குழந்தைக்கு ஆசைப்படுகிறவர்கள் முன்கூட்டியே விடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உங்கள் புகை அவருக்கும் போகிறது. குழந்தை எடை குறைந்து பிறக்கக்கூடும்.

தனியாக முடியவில்லையா? 1800-11-2356 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை. 2018 முதல் சிகரெட் பெட்டியிலும் பீடிக் கட்டிலும் அச்சிடப்படும் எண் இது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம். இருவருமாகச் சேர்ந்து போங்கள்.

இன்றே அணையுங்கள், இன்றே உடம்பு தேறத் தொடங்கும்!