சர்க்கார் திட்டங்களும் செயல்திறன் தணிக்கையும்

பசலி வருஷ முடிவில் நடைபெறும் ஜமாபந்தியை அறியாத கிராமவாசி இல்லை. கிராமக் கணக்குகள் யாவும் தாலுகா கச்சேரிக்குக் கொண்டுவரப்பட்டு, அடங்கலில் கண்டதும் சிட்டாவில் கண்டதும் பொருந்துகின்றனவா, வசூலான கிஸ்தி முழுவதும் கஜானாவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்வையிடப்படுகின்றன. கணக்கு ஒத்திருப்பின் கையொப்பமாகிறது. ஒவ்வாவிடில் விளக்கம் கேட்கப்படுகிறது. இது மிகவும் அவசியமான ஏற்பாடே. ஆயினும் கணக்கு ஒத்திருப்பது ஒன்று. காரியம் கைகூடுவது வேறொன்று.

ஓர் ஏரியின் மதகைப் பழுதுபார்க்கச் சர்க்கார் பணம் ஒதுக்கியதாக வைத்துக்கொள்வோம். டெண்டர் முறைப்படி விடப்பட்டது. வேலை அளவுப் புத்தகத்தில் பதிவாயிற்று. பட்டுவாடா ரசீதுகளும் சரியாக இருக்கின்றன. வழக்கமான கணக்குத் தணிக்கையில் இவ்வேலையின்மேல் ஒரு குற்றமும் சொல்வதற்கில்லை. ஆனால் மதகு செப்பனிடப்பட்ட பின்னும் கால்வாய் தூர்ந்தே கிடப்பதால் கடைமடை நிலங்களுக்குத் தண்ணீர் எட்டவில்லையென்றால், அப்பணத்தால் ஆயக்கட்டுதாரர்களுக்கு விளைந்த பலன் என்ன? இக்கேள்வியைக் கேட்பதற்கென்றே ஏற்பட்ட தணிக்கைக்குச் செயல்திறன் தணிக்கை என்று பெயர். செலவு சிக்கனமாகச் செய்யப்பட்டதா, செய்த செலவுக்குத் தக்க வேலை நடந்ததா, நடந்த வேலையால் கருதிய பலன் கிட்டியதா என்னும் மூன்றையும் அது ஆராய்கிறது. இவற்றுள் மூன்றாவதே குடியானவருக்கு முக்கியமானது. மூன்றிலும் கடினமானதும் அதுவே.

இந்தியாவில் ராஜ்ய சர்க்கார்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் பொறுப்பு அந்த ராஜ்ய சர்க்கார்களுக்குக் கட்டுப்பட்ட எந்த அதிகாரியிடமும் விடப்படவில்லை. அரசியல் சட்டத்தின் 148ஆம் பிரிவின்படி ராஷ்டிரபதியால் நியமிக்கப்படும் கம்ப்ட்ரோலர் அண்டு ஆடிட்டர் ஜெனரல் என்னும் தலைமைத் தணிக்கை அதிகாரியே மத்திய சர்க்காருக்கும் எல்லா ராஜ்யங்களுக்கும் பொதுவான தணிக்கையாளர். சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியை நீக்குவதற்கு எவ்வளவு கடினமான முறை விதிக்கப்பட்டுள்ளதோ, அதே முறையாலன்றி அவரை நீக்க இயலாது. பதவியினின்று விலகிய பின் அவர் மத்திய சர்க்காரிலாவது ராஜ்ய சர்க்காரிலாவது வேறு உத்தியோகம் ஏற்கலாகாது. தாட்சணியம் பார்க்கவேண்டிய நிலை அவருக்கு நேரக்கூடாது என்பதே இதன் கருத்து. 1971ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று அவருடைய கடமைகளையும் அதிகாரங்களையும் விவரிக்கிறது; அதன் 18ஆம் பிரிவின்படி கணக்கு வைத்திருக்கும் எந்தச் சர்க்கார் காரியாலயத்தையும் அவருடைய உத்தியோகஸ்தர்கள் பார்வையிடலாம், வேண்டிய தஸ்தாவேஜுகளை வரவழைக்கலாம்.

தணிக்கையாளர் கணக்கு எழுத்துகளோடு நின்றுகொள்ள வேண்டும், திட்டத்தின் பலனைப் பற்றிப் பேச அவருக்கு அதிகாரமில்லை என்று ஒரு சாரார் வாதித்ததுண்டு. 2012ஆம் வருஷம் இவ்வாதம் சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்றது. தலைமைத் தணிக்கை அதிகாரி வெறும் கணக்குப்பிள்ளை அல்லர் என்று கூறிக் கோர்ட்டார் மனுவைத் தள்ளிவிட்டனர்.

இனி, இத்தணிக்கை நடைபெறும் விதத்தைக் கவனிப்போம். எந்தத் திட்டத்தில் செலவு மிகுதியோ, எதில் தவறு நேர இடம் அதிகமோ, அதுவே முதலில் தெரிந்தெடுக்கப்படுகிறது. பின்னர், சம்பந்தப்பட்ட இலாகாவின் செயலாளருடன் ஒரு தொடக்கக் கூட்டம் நடக்கிறது. எந்த அளவுகோலைக் கொண்டு திட்டம் அளக்கப்படும் என்பது அங்கே முன்கூட்டியே தெரிவிக்கப்படுகிறது. இந்த அளவுகோல் தணிக்கையாளரின் சொந்தக் கற்பனையன்று. திட்டத்தை ஏற்படுத்திய சர்க்கார் உத்தரவும், விதிகளும், இலாகாவே வகுத்துக்கொண்ட இலக்குகளுமே அளவுகோலாகின்றன. ‘நீங்கள் செய்வதாகச் சொன்னதைச் செய்தீர்களா?’ என்பதே கேள்வி. ஆதலின், கேட்பவர்மீது வருத்தப்பட இலாகாவுக்கு நியாயமில்லை.

ஒரு ராஜ்யத்திலுள்ள எல்லாக் கிராமங்களையும் பார்வையிடுவது நடவாத காரியம். ஆகவே, நெல் மூட்டையில் குத்தூசியிட்டு மணி எடுத்துப் பார்ப்பதுபோல, சில ஜில்லாக்களையும், அவற்றுள் சில வட்டாரங்களையும், அவற்றுள் சில கிராமங்களையும் புள்ளிவிவர முறைப்படி பொறுக்கியெடுத்துச் சோதிக்கின்றனர். பொறுக்கும் முறையில் விருப்பு வெறுப்புக்கு இடமிருந்தால் சோதனையே வீணாகும். தெரிந்தெடுத்த இடத்தில் ரிஜிஸ்தர்களைப் பார்ப்பதோடு நில்லாமல், இலாகா உத்தியோகஸ்தரையும் உடனழைத்துக்கொண்டு போய்க் குளத்தையும், கிடங்கையும், களத்தையும் நேரில் பார்க்கின்றனர், புகைப்படம் எடுக்கின்றனர், பயனாளிகளை நேரில் விசாரிக்கின்றனர். இருவர் சேர்ந்து பார்த்து இருவரும் கையொப்பமிட்ட குறிப்பைப் பின்னால் இல்லையென்று மறுப்பது எளிதன்று.

இச்சோதனை எவ்வளவு ஆழமாகச் செல்லக்கூடும் என்பதை விவசாயிகளுக்கு நன்கு பழக்கமான ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 2008ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் விவசாயக் கடன் தள்ளுபடித் திட்டத்தை அறிவித்தது. அது மத்திய சர்க்கார் திட்டமேயெனினும், தணிக்கை முறையில் ராஜ்யத் திட்டங்களுக்கும் அதற்கும் வேற்றுமையில்லை. 1997 முதல் 2007 மார்ச் 31 வரையில் கொடுக்கப்பட்டு, 2007 டிசம்பர் 31இல் தவணை கடந்து, 2008 பிப்ரவரி 29 வரையில் செலுத்தப்படாதிருந்த கடன்களுக்கு அத்திட்டம் பொருந்தும். 2 ஹெக்டேர், அதாவது சுமார் 5 ஏக்கர் வரையில் உள்ளவர்களுக்கு முழுத் தள்ளுபடி. அதற்கு மேற்பட்டவர்களுக்கு, 75 சதவீதத்தைச் செலுத்தினால் எஞ்சிய 25 சதவீதம் தள்ளுபடி. ஏறக்குறைய 3 கோடியே 69 லட்சம் சிறு, குறு விவசாயிகளும், 60 லட்சம் ஏனைய விவசாயிகளும் 52,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிவாரணம் பெற்றதாகக் கணக்கு காட்டப்பட்டது. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் திட்டம் இனிது நிறைவேறிவிட்டது.

தணிக்கையாளர்கள் 25 ராஜ்யங்களில் 92 ஜில்லாக்களைச் சேர்ந்த 715 வங்கிக் கிளைகளில் 90,576 பேரின் கணக்குகளைப் பரிசோதித்தனர். அவற்றுள் 20,216 கணக்குகளில், அதாவது நூற்றுக்கு 22க்கு மேற்பட்டவற்றில், ஏதேனும் ஒரு குறையோ தவறோ காணப்பட்டது. தள்ளுபடி பெற்ற 80,299 கணக்குகளில் 8.5 சதவீதம் தள்ளுபடிக்கே தகுதியற்றவை. விவசாயமல்லாத காரியங்களுக்கு வாங்கிய கடன்களும் அவற்றுள் அடங்கும். 2,824 கணக்குகளில் எழுத்துகளை அடித்தும், மேலெழுதியும், திருத்தியும் இருப்பதற்கு அடையாளம் தென்பட்டது.

தகுதியற்றவன் பெற்றது ஒரு புறமிருக்க, தகுதியுள்ளவன் பெறாமற்போனதே அதிக வருந்தத்தக்கது. 9 ராஜ்யங்களில் தள்ளுபடி அளிக்கப்படாத 9,334 கணக்குகளைத் தனியே எடுத்துப் பார்த்ததில், 1,257 கணக்குகள் தள்ளுபடிக்கு முற்றிலும் தகுதியுள்ளவை என்று தெரியவந்தது. வழக்கமான கணக்குத் தணிக்கையில் இது ஒருக்காலும் வெளிப்பட்டிராது. செலவான பணத்துக்குத்தான் வவுச்சர் உண்டு. கொடுக்கப்படாத பணத்துக்கு வவுச்சர் ஏது? பட்டியலில் இல்லாதவனைத் தேடிச் சென்று பார்த்ததே அத்தணிக்கையின் சிறப்பு.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. தள்ளுபடியானதற்கு அத்தாட்சியாக ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு சர்டிபிகேட்டு வழங்கப்பட வேண்டும். அதைக் கொண்டே அவர் புதுக்கடன் பெறலாம். சோதிக்கப்பட்ட 61,793 கணக்குகளில் 21,182இல் அந்தச் சர்டிபிகேட்டு விவசாயியின் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புதல் கையெழுத்தோ வேறு ருசுவோ கிடையாது. பழைய கடன் நீங்கியும் புதுக்கடன் கேட்க ஆதாரமில்லாமல் நின்றவர் அவர்களுள் எத்தனை பேரோ! சாகுபடிக் காலத்தில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாததால் விளையும் தொல்லையை நிலமுள்ளவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வறிக்கை 2013ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் பார்லிமெண்டில் வைக்கப்பட்டது. தகுதியற்றவர்களிடமிருந்து தொகையைத் திரும்ப வசூலிக்கவும், தவறு செய்த உத்தியோகஸ்தர்மீது நடவடிக்கை எடுக்கவும் வங்கிகளுக்கு உத்தரவுகள் சென்றன. இங்கே ஒரு வரம்பையும் குறிப்பிடுதல் வேண்டும். கடனைத் தள்ளுபடி செய்வது நல்லதா தீயதா என்று தணிக்கையாளர் கூறவில்லை. கூறவும் அவருக்கு உரிமையில்லை. கொள்கையைத் தீர்மானிப்பது மக்களின் பிரதிநிதிகளுடைய வேலை. தீர்மானித்தபடி நடந்ததா என்பது மட்டுமே தணிக்கையின் எல்லைக்குட்பட்டது.

ராஜ்யத் திட்டங்களில் அறிக்கை செல்லும் வழி பின்வருமாறு: சோதனையில் கண்ட குறைகள் முதலில் அந்தக் காரியாலயத்துக்கே விசாரணைக் குறிப்பாக அனுப்பப்படுகின்றன. அங்கிருந்து வரும் விளக்கம் திருப்திகரமாக இருந்தால் விஷயம் அத்துடன் முடிகிறது. முடியாதவை வரைவு அறிக்கையாகி இலாகாச் செயலாளருக்குச் செல்கின்றன. பதிலளிக்க அவருக்கு வழக்கமாக 6 வாரம் கொடுக்கப்படுகிறது. பின்பு முடிவுக் கூட்டம் ஒன்று நடக்கிறது. இலாகாவின் மறுமொழியையும் சேர்த்தே அறிக்கை அச்சாகிறது. அரசியல் சட்டத்தின் 151ஆம் பிரிவின்படி அறிக்கை கவர்னரிடம் சமர்ப்பிக்கப்படும். அவர் அதைச் சட்டசபையில் வைக்கச் செய்வார். அதற்குப் பின்னரே அது பகிரங்கமாகும்.

சட்டசபையில் பொதுக் கணக்குக் கமிட்டி அதை எடுத்துக்கொள்கிறது. கமிட்டியில் பல கட்சி அங்கத்தினர்களும் உண்டு. எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒருவரைத் தலைவராக அமர்த்துவது பல சபைகளில் வழக்கமாக இருந்து வருகிறது. அக்கமிட்டியின் முன் இலாகாச் செயலாளர் நேரில் வந்து விடையளிக்க வேண்டும். தணிக்கையாளருக்குத் தண்டிக்கும் அதிகாரமில்லை, ஒரு ரூபாயைக்கூட வசூலிக்கும் அதிகாரமில்லை. அவருடைய பலமெல்லாம் இந்த ஒரு நாற்காலியில் ஓர் உயர்ந்த உத்தியோகஸ்தர் உட்கார்ந்து பதில் சொல்லியாக வேண்டும் என்பதில்தான் அடங்கியிருக்கிறது.

ஏற்பாடு குறையற்றதன்று. முதற்குறை காலதாமதம். 2015 டிசம்பர் 1ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதும், அடையாற்றங்கரையில் நேர்ந்த நாசமும் யாவரும் அறிந்தவை. அந்த ஏரியின் முழு ஆழம் 24 அடி; கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சென்னை வெள்ளத்தைப் பற்றிய செயல்திறன் தணிக்கை, அது மனிதராலேயே நேர்ந்த விபத்து என்று கூறியதுடன், முழுக் கொள்ளளவுக்கு நீரைத் தேக்காமல் அவ்வளவு நீரை வெளியேற்றியதையும், வரப்போகும் வெள்ளத்தை முன்கூட்டிக் கணிக்கும் முறை ஏற்படாதிருந்ததையும் எடுத்துக்காட்டியது. விதிகளின்படியே நீர் திறக்கப்பட்டது என்பது சர்க்கார் தரப்பு. இரு தரப்பும் அறிக்கையைப் படித்து நிதானிக்கத் தக்கவை. ஆனால் அவ்வறிக்கை தமிழ்நாடு சட்டசபையில் வைக்கப்பட்டது 2018 ஜூலையில்தான். இடையே மழைக்காலங்கள் இரண்டு கழிந்துவிட்டன. கமிட்டியின் முன் வருஷக்கணக்காகத் தேங்கிக் கிடக்கும் பத்திகளும் பல ராஜ்யங்களில் உண்டு. விதைக்கும் பருவம் கடந்தபின் வந்த விதைக்கு என்ன மதிப்போ, தாமதித்த அறிக்கைக்கும் அதுவே மதிப்பு என்று சொல்லத் தோன்றும். ஆயினும் அது முழு உண்மையன்று. அடுத்த திட்டத்துக்கு உத்தரவு எழுதுகிறவர்கள் முந்திய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே எழுதுவதுமுண்டு.

கிராம அளவில் வேறொரு முறையும் வந்துள்ளது. 2005ஆம் வருஷத்து ஊரக வேலை உறுதிச் சட்டம் தன் 17ஆம் பிரிவில், வேலைகளைக் கிராம சபையே தணிக்கை செய்யவேண்டுமென்று விதித்தது. 2011ஆம் வருஷத்து விதிகள், தலைமைத் தணிக்கை அதிகாரியைக் கலந்துகொண்டு வகுக்கப்பட்டவை. ஆறு மாதத்துக்கொரு முறை சமூகத் தணிக்கை நடத்த அவை வழிசெய்தன. வேலை செய்தவர்களின் பட்டியலை ஊர் நடுவே உரக்கப் படித்தால், வெளியூருக்குக் குடிபோனவர் பெயரும் இறந்தவர் பெயரும் அதில் இருந்தால், அதைக் கண்டுபிடிக்க ஆடிட்டர் வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் போதும்.

தணிக்கைக் குழு ஒரு கிராமத்துக்கு வரும்போது கிராம உத்தியோகஸ்தர்கள் கலவரப்பட வேண்டியதில்லை. திட்டத்தை ஏற்படுத்திய சர்க்கார் உத்தரவின் நகல், பயனாளிகளைத் தெரிந்தெடுத்த கிராம சபைத் தீர்மானம், விண்ணப்பங்களும் அவற்றுள் தள்ளப்பட்டவைக்குரிய காரணமும், இருப்புப் பதிவேடு, பொருள் பெற்றுக்கொண்டவரின் ஒப்புதல் கையெழுத்து ஆகிய இவற்றை ஒரே கட்டாக வைத்திருப்பது நலம். இவற்றுள் பெரும்பாலும் காணாமற்போவது, தள்ளப்பட்ட விண்ணப்பங்களே. அடித்தெழுத நேர்ந்தால் பழைய எழுத்து தெரியும்படி ஒரே கோடாக அடித்து, தேதியிட்டுச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். விவசாயிகளும் தாம் பெற்ற விதை, உரம், கருவி, கடன் ஆகியவற்றுக்குரிய ரசீதுகளைப் பட்டா, கிஸ்தி ரசீதுகளோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவது நல்லது. குழுவினர் கொல்லைக்கு வந்து, மானியத்தில் கொடுத்த தெளிப்பான் வேலை செய்கிறதா என்று கேட்டால், வேலை செய்யாவிடில் அதை எடுத்துவந்து காட்டி, எந்த மாதத்தில் பழுதாயிற்று, யாரிடம் முறையிடப்பட்டது என்பதையும் சொல்லிவிடுவதே முறை. அவர்கள் குறித்துக்கொள்ளும் அந்தச் சில வரிகளே பின்னர் சட்டசபைக் கமிட்டியின் முன் படிக்கப்படக்கூடும்.