லிஃபிக் கரை வாழ்க்கை – 11: வருவதாகச் சொல்லிவிட்டு வராத பஸ்

டப்ளினில் பஸ் நிறுத்தத்து மின்பலகையை ஒருவர் முழுசாக நம்பினால் அவர் ஊருக்குப் புதுசு என்று தெரிந்துகொள்ளலாம். உங்கள் பஸ் 12 நிமிடத்தில் வரும் என்று பலகை சொல்லும். பிறகு 8, 5, 2 என்று குறைந்துகொண்டே வரும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலையின் கோடிவரை எட்டிப் பார்ப்பீர்கள். ஒன்றும் இருக்காது. சற்று நேரத்தில் அந்த வரியே பலகையிலிருந்து காணாமல் போகும். அடுத்த பஸ்ஸுக்கு 27 நிமிடம் என்று புதுக் கணக்கு தொடங்கும். இந்த மாய வண்டிக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘கோஸ்ட் பஸ்’. பத்திரிகைகளிலும் நாடாளுமன்றத்திலும்கூட அந்தப் பெயர்தான் புழங்குகிறது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் பஸ் எங்கே வருகிறது என்பதை ஜிபிஎஸ் வழியாகப் பார்த்து நேரம் சொல்கிறார்கள். இன்னும் கிளம்பாத பஸ்ஸுக்குக் கால அட்டவணையில் இருக்கிற நேரத்தைக் காட்டுகிறார்கள். டிரைவர் வரவில்லை, வண்டி பழுது, முந்தைய நடை நெரிசலில் மாட்டிக்கொண்டது என்று ஏதோ ஒரு காரணத்தால் அந்த நடை ரத்தாகும். ரத்தான செய்தி கணினிக்குப் போய்ச் சேராவிட்டால், இல்லாத பஸ் பலகையில் மட்டும் நிமிடம் தவறாமல் ஓடிவரும். கொரோனாவுக்குப் பிந்தைய ஆண்டுகளில் டிரைவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பெரும் பற்றாக்குறை ஏற்பட்டபோது இந்தக் கூத்து உச்சத்தில் இருந்தது.

கட்டணத்தைப் பற்றி மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். லீப் கார்டு வைத்திருந்தால் டப்ளின் நகர எல்லைக்குள் 2 யூரோவில் 90 நிமிடத்துக்குள் பஸ், லுவாஸ் டிராம், டார்ட் மின்ரயில் என்று மாறி மாறி ஏறலாம். 66 வயதானால் நாடு முழுக்க இலவசம். நிதியமைச்சராக இருந்த சார்லஸ் ஹாகி 1967இல் கொண்டுவந்த திட்டம் அது. ஆனால் கார்டு இல்லாமல் காசு கொடுத்து ஏற நினைத்தால் சில்லறையைச் சரியாக எண்ணி வைத்திருக்க வேண்டும். நோட்டு வாங்க மாட்டார்கள், மீதி தர மாட்டார்கள், வங்கி அட்டையைத் தட்டவும் வழியில்லை. கூகுளும் மெட்டாவும் ஐரோப்பியத் தலைமையகம் வைத்திருக்கும் நகரத்து பஸ்ஸில் இந்த நிலைமை!

வேறு சில எழுதாத சட்டங்களும் உண்டு. நிறுத்தத்தில் நின்றால் மட்டும் போதாது, கையை நீட்ட வேண்டும். செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றீர்களானால் பஸ் உங்கள் மீது மழைத்தண்ணீரை வாரியடித்துவிட்டுப் போய்விடும். இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பள்ளிப் பையன்கள் முதல் பாட்டிகள் வரை அத்தனை பேரும் சொல்கிறார்கள். முக்கால் மணி நேரம் தாமதமாக வந்த பஸ்ஸிலிருந்து இறங்குகிறவரும் சொல்கிறார். எனக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. இப்போது என் வாயிலும் தானாக வந்துவிடுகிறது.

இந்தப் பொறுமைதான் சிக்கலே என்று சில சமயம் தோன்றும். பஸ் வராவிட்டால் இங்கே யாரும் கத்துவதில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார்கள், தலையை ஆட்டிக்கொள்வார்கள். மனசுக்குள் ஒரு முடிவு எடுத்துவிடுவார்கள்: சீக்கிரம் ஒரு கார் வாங்கிவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் வாங்கியும் விடுகிறார்கள். அந்தக் கார்கள் காலை எட்டு மணிக்கு பஸ்ஸின் முன்னால் வரிசைகட்டி நிற்கின்றன. பஸ் இன்னும் தாமதமாகிறது.

கார் வாங்க முடியாதவர்களில் நம் ஆட்களும் அடக்கம். இந்திய ஓட்டுநர் உரிமத்தைக் கொடுத்து ஐரிஷ் உரிமமாக மாற்றிக்கொள்ள இங்கே வழியில்லை. எழுத்துத் தேர்வு, பயிற்சி உரிமம், கட்டாய வகுப்புகள், ஓட்டுநர் தேர்வுக்குக் காத்திருப்பு என்று முதல் படியிலிருந்து ஏறவேண்டும். ஊரில் பதினைந்து வருஷம் வண்டி ஓட்டியவருக்கும் இதுதான். அதன் பிறகு புதியவர்களுக்கான காப்பீட்டுத் தொகையைக் கேட்டால் தலை சுற்றும். ஆக, வந்து இறங்கிய முதல் சில ஆண்டுகள் பஸ்தான் கதி. ஐரிஷ் மருத்துவமனைகளில் வேலை செய்யும் இந்திய நர்ஸுகளைக் கேட்டுப் பாருங்கள். காலை ஷிஃப்ட் எட்டு மணிக்கு முன்பே தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமையோ பல தடங்களில் முதல் பஸ்ஸே தாமதமாகத்தான் கிளம்பும். டிசம்பர் 25 அன்று நகர பஸ், லுவாஸ், டார்ட் எதுவுமே ஓடாது. நோயாளிகளுக்கு கிறிஸ்துமஸ் விடுமுறை கிடையாது என்பதால் அன்றைக்கு டாக்ஸி, அல்லது கார் வைத்திருக்கும் சக ஊழியரின் தயவு.

இத்தனைக்கும் இந்த நாட்டுக்குப் பொதுப் போக்குவரத்து புதிதல்ல. டப்ளினிலிருந்து கிங்ஸ்டவுனுக்கு, அதாவது இன்றைய டன் லேரிக்கு, 1834இலேயே ரயில் ஓடியது. நகரெங்கும் டிராம்களும் இருந்தன. 1949இல் நகர டிராம்களை நிறுத்தினார்கள். 1958 கடைசியில் ஹார்கோர்ட் தெரு ரயில்பாதையை மூடினார்கள். இனி எல்லாம் பஸ்ஸும் காரும்தான் என்று நினைத்தார்கள். தெற்குப் புறநகர்கள் பெருத்து வழிந்த பிறகு, 2004இல் அதே பழைய ரயில்தடத்தின் மீது லுவாஸ் பச்சைத் தடத்தைப் போட்டார்கள். அதே ஆண்டு சிவப்புத் தடமும் வந்தது. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை! ஒன்றிலிருந்து இறங்கி, மழையில் கால்மணி நேரம் நடந்து மற்றொன்றில் ஏறினார்கள் மக்கள். இரண்டும் நகர மையத்தில் சந்தித்தது 2017 டிசம்பரில்.

மெட்ரோவின் கதை இதைவிட நீளம். விமான நிலையம் வழியாக ஸ்வோர்ட்ஸ் என்ற புறநகர் வரை மெட்ரோ வரும் என்று 2005இல் அரசு அறிவித்தது. பொருளாதாரம் விழுந்ததும் 2011இல் கிடப்பில் போட்டது. 2018இல் ‘மெட்ரோலிங்க்’ என்ற புதுப் பெயரில் தூசு தட்டி எடுத்தது. ஒப்புதலுக்கான விண்ணப்பம் 2022இல் போனது. ஒப்புதல் கிடைத்தது 2025 அக்டோபரில். டப்ளின் விமான நிலையத்தில் இறங்குகிறவருக்கு இன்றைக்கும் பஸ் அல்லது டாக்ஸிதான். பஸ்ஸுக்குத் தனிப்பாதை போடும் ‘பஸ்கனெக்ட்ஸ்’ திட்டமும் மெல்ல நகர்கிறது. வீட்டு முன்தோட்டத்தில் ஒரு துண்டு போய்விடும், மரத்தை வெட்டிவிடுவார்கள், கடை வாசலில் கார் நிறுத்த முடியாது என்று ஒவ்வொரு தெருவிலும் எதிர்ப்பு. மரத்துக்காகக் கவலைப்படுவதை நான் மதிக்கிறேன். பார்க்கிங்குக்காகப் பேசுகிறவர்களிடம் எனக்கு அந்த அளவு அனுதாபம் இல்லை.

ரயிலின் பிரச்சினை வேறு. வடக்கே ட்ரோஹெடா, மேற்கே மேநூத், தெற்கே பிரே, அதற்கும் அப்பால் ராஸ்லேர் வரையிலான ரயில்கள் நகர மையத்தில் கானலி நிலையத்துக்கும் பியர்ஸ் நிலையத்துக்கும் நடுவே ஒரே பாலத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. லிஃபி ஆற்றைக் கடக்கும் அந்தப் பாலம் 1891இல் கட்டியது, இரண்டே தண்டவாளங்கள். குடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கழுத்து குறுகலாக இருந்தால் என்ன செய்வது? ஒரு ரயில் ஐந்து நிமிடம் நின்றால் பின்னால் வரும் எல்லாம் நிற்கும். 2024 ஆகஸ்டில் கால அட்டவணையை மாற்றியமைத்தபோது தாமதங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, அக்டோபரில் அதையே மறுபடி திருத்த வேண்டியதாயிற்று.

டப்ளினைத் தாண்டினால் இந்தப் புலம்பல்கூட ஆடம்பரம்தான். டொனிகால் மாவட்டத்தில் கடைசிப் பயணிகள் ரயில் 1965இல் நின்றுபோனது. கேவன், மோனகன் மாவட்டங்களிலும் ஒரு ரயில் நிலையம் கிடையாது. கிராமங்களுக்கு ‘லோக்கல் லிங்க்’ சிற்றுந்துகள் வந்திருப்பது நல்ல மாற்றம். ஆனால் மாலை நடையைத் தவறவிட்டால் இரவு அங்கேயே தங்க வேண்டியதுதான்.

அயர்லாந்துக்கு வேலைக்கு வரத் தயாராகிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். டப்ளினில் வாடகைக்கு வீடு தேடும்போது, வாசலிலேயே பஸ் நிற்கும் என்று விளம்பரம் சொன்னால் மயங்காதீர்கள். லுவாஸ் அல்லது டார்ட் நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை என்று கேளுங்கள். நீங்கள் வேலைக்குப் போகிற அதே நேரத்தில், மழை பெய்கிற ஒரு திங்கட்கிழமை காலையில், அந்த நிறுத்தத்துக்குப் போய் நின்று பாருங்கள். பிறகு முன்பணம் கொடுங்கள்.

(தொடரும்)