உறைபனி பூத்த புற்றரை

இலங்கையில் பனிமலை உண்டா என்று வெள்ளவத்தைச் சிறுவர்கள் வினவுவதுண்டு. பனிமலை இல்லை. எனினும் தை, மாசி மாதங்களில், வானம் தெளிந்த இரவு கழிந்து விடியும்போது, ஹோர்ட்டன் சமவெளியின் புற்றரை உறைபனி படிந்து உப்பளம் போல் வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறினால் மறைந்துவிடும். ஆகவே முதல்நாளிரவே பட்டிப்பொலையை அடைதல் வேண்டும். நாட்டின் மிக உயரமான புகையிரத நிலையம் அதுவே.

1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இச்சமவெளிக்கு வருவோரிற் பெரும்பாலோர் உலக முடிவைக் கண்டு திரும்பிவிடுவர். நாம் நாடியதோ 2,388 மீற்றர் உயர்ந்த கிரிகல்பொத்தையை. ஏறக்குறைய 7 கிலோமீற்றர் வழி. புல்வெளி, சேறு, பின்னர் பாசி போர்த்த குறுங்காடு. வெள்ளைச் சப்பாத்துடன் வந்த நண்பரின் கதியை என்னென்பது! கொழும்புக் குழாய்நீரின் பெரும்பங்கைத் தரும் களனி கங்கைக்கும் இம்மேட்டு நிலமே ஊற்று.

உச்சியை அண்மித்ததும் மூடுபனி கவிந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் புலப்படவில்லை. இளைஞர்கள் ஏறத் துடித்தனர். வழி தப்பினால் இரவுக் குளிரே உயிருக்கு உலை வைத்துவிடும் என்றார் வழிகாட்டி. ஒரு மணி நேரம் பாறையடியில் ஒடுங்கியிருந்தோம். இடியப்பமும் சம்பலும் அமிர்தமாயின. பனி விலகவில்லை, திரும்பினோம். புற்றரையை அடைந்தபோது நல்ல வெயில் எறித்தது. இரண்டு மரைகள் எம்மை நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் மேயத் தொடங்கின.