கைநாட்டும் சம்மதமும்

பனமரத்துப்பட்டியில் அரளிப்பூப் பறித்துக் கூலி வாங்கும் ஓர் ஏழையின் குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் முற்றி வலிப்புக் கண்டுவிட்டதென்று வைத்துக்கொள்வோம். கிடைத்த வண்டியில் ஏற்றிக்கொண்டு சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். அங்கே ஒரு டாக்டர், இரு சிகிச்சைகளில் எது மேலென்று ஆராய்ந்து வருவதாகவும், குழந்தையை அதில் சேர்க்கச் சம்மதமா என்றும் கேட்டு, பல பக்கங்கள் கொண்ட பாரத்தை நீட்டுகிறார். தகப்பன் கண் குழந்தைமேல் இருக்கிறது. கை மட்டும் மைப்பெட்டிக்குப் போகிறது. மறுத்தால் வைத்தியமே நின்றுவிடுமோ என்ற பயத்துக்குச் சம்மதமென்று பெயர் சூட்ட நமக்கு மனம் துணியவில்லை.

இது வீண் கவலையன்று. தில்லியில் எய்ம்ஸ் என வழங்கும் வைத்திய ஸ்தாபனம், இரண்டரை வருஷத்தில் 42 ஆராய்ச்சிகளில் 4,142 குழந்தைகளைச் சேர்த்ததாகவும், அவர்களில் 49 பேர் இறந்ததாகவும், 2008-ல் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்ட கேள்விக்குப் பதிலளித்தது. நோயின் கடுமையே காரணமென்பது அதன் வாதம். அப்படியே இருக்கட்டும். தாங்கள் எதற்குச் சம்மதித்தோமென்று பெற்றோர் அறிந்திருந்தார்களா என்ற கேள்வி அதனால் தீராது.

கம்மம் ஜில்லாவில் நடந்ததோ இன்னும் வெட்கத்துக்குரியது. 2009-ல் அங்கே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆராய்ச்சிக்குச் சேர்க்கப்பட்ட சிறுமிகள் நோயாளிகளல்லர். பெற்றோரைத் தேடிக் கேட்க அவகாசம் ஏராளம். ஆயினும் பின்னர் பரிசீலிக்கப்பட்ட 9,543 பாரங்களில் 2,763-ல் ஹாஸ்டல் வார்டன்களே கையெழுத்திட்டிருந்தனர், 1,948-ல் கைநாட்டு. 2013-ல் பார்லிமெண்டுக் கமிட்டி இதைக் கடுமையாகக் கண்டித்தது. பட்டப்பகலில், சாவகாசத்தில், இவ்வளவு அலட்சியமென்றால் நள்ளிரவு அவசரத்தில் என்ன நடக்கும்?

ஆகையால் உயிருக்குப் போராடும் குழந்தைகளிடம் ஆராய்ச்சியே கூடாதென்கின்றனர் நண்பர் சிலர். நாம் உடன்படோம். கடுங்காய்ச்சலில் ரத்த ஓட்டம் தளர்ந்த குழந்தைக்கு நரம்பில் வேகமாக நீர் ஏற்றினால் பிழைக்குமென்று டாக்டர்கள் வெகுகாலம் நம்பி வந்தனர். உகாண்டா, கென்யா, டான்சானியா தேசங்களில் 3,141 குழந்தைகளிடம் ஆராய்ந்து 2011-ல் வெளியிட்ட முடிவோ நேர்மாறாயிருந்தது. வேகமாக நீர் ஏற்றப்பட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இரண்டு நாளில் இறந்தனர். ஏற்றப்படாதவர்களில் ஏழு பேர். ஆராயாதிருந்தால் பழக்கமே யமனாக நீடித்திருக்கும். முழு விளக்கத்துக்கு நேரமில்லாதபோது அங்கே பெற்றோரிடம் முதலில் வாய்வார்த்தையாகக் கேட்டு, குழந்தை சற்றுத் தேறியபின் எல்லாம் விளக்கி எழுத்தில் சம்மதம் பெற்றார்கள்.

நம் நாட்டிலும் 2019-ம் வருஷத்து விதிகள், எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் சம்மதம் பெறுகையில் பாரபட்சமற்ற சாட்சி ஒருவர் ஆரம்ப முதல் இறுதிவரை உடனிருக்க வேண்டுமென்கின்றன. நல்ல விதிதான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அச்சாட்சி யார்? அதே ஆஸ்பத்திரிச் சிப்பந்தியா? கிராமந்தோறும் பொதுத்தொண்டு செய்யும் நமது இளைஞர்கள் இப்பொறுப்பை ஏற்க முன்வரலாம். டாக்டர்கள் அவர்களைக் கண்டு முகம் சுளிக்கலாகாது. மறுத்தாலும் சிகிச்சையில் குறைவிராது என்பதே டாக்டரின் முதல் வாக்கியமாயிருக்கட்டும். பாரம் அதற்கப்பால் வரட்டும். பொழுது விடிந்தபின் அதே தகப்பனிடம் மறுபடியும் கேட்கட்டும். அவர் விலகினால் காரணம் கேளாது விடட்டும்.

விடியுமுன் குழந்தை இறந்துவிட்டால்? பெற்ற வயிற்றை மேலும் வருத்துவானேன், சொல்லாமலே விட்டுவிடலாமென்பார் உண்டு. இரக்கத்தால் சொல்வதே யாயினும், அது நமக்குச் சம்மதமில்லை. தம் குழந்தைக்கு என்ன செய்யப்பட்டதென்று அறியும் பாத்தியதை அவர்களுக்கு உண்டு. காரியங்கள் முடிந்த பிறகு அந்த டாக்டரே பனமரத்துப்பட்டிக்குப் போய், துக்கம் விசாரிக்கும் முறையில் திண்ணையில் அமர்ந்து, நடந்ததைத் தம் வாயால் சொல்லட்டும்.